15 அங்குல பாஸும் 1 அங்குல ஹோர்னும்: எந்த இடத்தில வெட்டுறது, 800ஆ 1200ஆ?

#1 படுவான்கரை

எல்லாருக்கும் வணக்கம். கொக்கட்டிச்சோலைப் பக்கம் எங்கட ஊரில வடமோடிக் கூத்தொண்டு பழகுறம். அரங்கேற்றத்துக்கு இன்னும் அஞ்சு கிழமை கிடக்கு. விடிய விடிய ஓடுற கூத்துக்கு வாடகைச் செற் எடுக்க எங்களிட்டக் காசு இல்ல. அதால நானே ரெண்டு பெட்டி செய்யிறன்.

பாஸ் ஸ்பீக்கர் 15 அங்குலம், 8 ஓம், 1 வாட்டுக்கு 1 மீற்றரில 97 டெசிபல். ஹோர்னுக்குப் பின்னால பூட்டுற கொம்பிரஷன் ட்ரைவர் (மேல்ச் சத்தம் போடுறது) 1 அங்குல வாய், 44 மில்லிமீற்றர் சுருள், 8 ஓம், 107 டெசிபல். ரெண்டும் புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெருவில எடுத்தது. பெட்டியை ஊர் ஓடாவி 18 மில்லிமீற்றர் பிளைவூட்டில அடிச்சுத் தந்திட்டார். ஹோர்ன் மட்டும் கடையில வாங்கேல்ல. ஒலுவில்ல பைபர் வள்ளம் ஒட்டுற கூட்டாளி ஒருவன் அச்சுச் செஞ்சு வாத்துத் தந்தவன். முன்வாய் 40க்கு 25 சென்ரிமீற்றர், ஆழம் 24.

இப்ப குறொஸ்ஓவர்தான் மிச்சம், அதுதான் கீழ்ச் சத்தத்தைப் பாஸுக்கும் மேல்ச் சத்தத்தை ஹோர்னுக்கும் பிரிச்சு விடுற வடிகட்டி. ட்ரைவர்ர தாளில 1200 ஹேர்ட்ஸுக்கு மேல, 12 டெசிபல் சரிவோட (ஹேர்ட்ஸ் பாதியாகப் பாதியாக 12 டெசிபல் குறையிற மாதிரி) பாவிக்கச் சொல்லி இருக்கு. எனக்கு விருப்பம் 800. பாடுற குரல்ல முக்கால்வாசியும் ஒரே ட்ரைவரால வந்தாத்தானே குரல் குரலா இருக்கும்? பழைய தியேட்டர்ப் பெட்டி, அல்ரெக் ஏ7, அதுவும் 15 அங்குலத்தோட 800லதான் வெட்டினது. அவங்களுக்கு ஏலுமெண்டா எனக்கு ஏன் ஏலாது?

#2 கல்முனைக் காக்கா

மனே, நான் முப்பது வருசமா செற் போடுற ஆள். கந்தூரி, கல்யாணம், கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம், எல்லாத்துக்கும் போன பெட்டி என்னிட்ட இரிக்கி. என்ட அலுமாரியில ஒரு பிஸ்கட் டின் இரிக்கி, அதுக்குள்ள முழுக்க எரிஞ்ச டயப்ரம்தான் (ட்ரைவருக்குள்ள ஆடுற மெல்லிய தகடு). அதில பாதிக்கு மேல இப்பிடித்தான் போன: "கொஞ்சம் கீழ எறக்கி வெட்டினா குரல் நல்லா வரும்" எண்டு எறக்கின.

1200 எண்டு தாளில போட்டிருந்தா 1500ல வெட்டு. ட்ரைவர் இரிந்தாத்தான் குரல். செத்த ட்ரைவர்ல 800உம் இல்ல 8000உம் இல்ல.

#3 மட்டுநகரான் (டொரோண்டோ)

குறொஸ்ஓவர் சுத்திறதெல்லாம் போன நூற்றாண்டு வேலை. சின்ன டிஎஸ்பி (சத்தத்தை டிஜிற்றல்ல பிரிக்கிற பெட்டி) ஒண்டும் ரெண்டு அம்பிளிபயரும் எடுங்க. 24 டெசிபல் சரிவு, டிலே, எல்லாம் விரல் நுனியில. 800, 1000, 1200 எண்டு மாத்தி மாத்திக் கேட்டுப் பாத்து முடிவெடுக்கலாம்.

#4 படுவான்கரை

அண்ண, நல்ல யோசனைதான். ஆனா என்னிட்ட இருக்கிறது ஒரு அம்ப். அதுவும் கோயில்ட. இரவல்.

#5 மீடிறன்

படுவான்கரை, நீங்கள் அளவெல்லாம் சொல்லியிருக்கிறீர்கள், நன்றி. பலர் "நல்ல கொம்பு" என்று மட்டும் எழுதிவிட்டு எத்தனை ஹேர்ட்ஸில் வெட்டுவது என்று கேட்பார்கள். நான் உயர்தரத்துக்குப் பௌதிகம் படிப்பித்து ஓய்ந்தவன், ஆகவே கணக்கோடுதான் வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கொம்பு, அதாவது உங்கள் ஹோர்ன், என்ன சொல்கிறது என்று பார்ப்போம். தொண்டை 1 அங்குலம், பரப்பு ஏறக்குறைய 5 சதுர சென்ரிமீற்றர். முன்வாய் 40 × 25, அதாவது 1000. ஒன்றுக்கு மற்றது 197 மடங்கு. இந்த விரிவை 24 சென்ரிமீற்றருக்குள் முடித்திருக்கிறார் உங்கள் நண்பர். அடுக்குக்குறி விரிவு என்று வைத்துக்கொண்டால், 197இன் இயற்கை மடக்கை 5.28, அதை 0.24 மீற்றரால் வகுத்தால் 22. ஒலியின் வேகம் நம் ஊர்ச் சூட்டில் செக்கனுக்கு 349 மீற்றர். 22ஐ 349ஆல் பெருக்கி 4π ஆல் வகுத்தால் 611 ஹேர்ட்ஸ். உங்கள் கொம்பின் வெட்டு மீடிறன் (அதிர்வெண்) அதுதான்.

611க்குக் கீழே கொம்பு கொம்பாக வேலை செய்யாது. டயப்ரத்துக்கு முன்னால் காற்றின் சுமை விட்டுப்போகும்; அது வெறுமனே ஆடும். 611க்கு மேலே போன உடனேயே எல்லாம் சரியாகிவிடுவதுமில்லை. வெட்டு மீடிறனை ஒட்டிய பகுதியில் சுமை ஏறி இறங்கித் தடுமாறும். அதனால் ஒன்றரை மடங்காவது தள்ளி நிற்பது வழக்கம். ஒன்றரை மடங்கு 917. இரண்டு மடங்கு 1222. நீங்கள் கேட்கும் 800 அதன் 1.3 மடங்குதான்.

அல்ரெக் கதைக்கு வருகிறேன். ஏ7இல் 800க்கு இருந்தது 811 என்ற கொம்பு. 500க்கு வெட்டிய மாதிரிக்கு அதைவிடப் பெரிய 511. பெயரிலேயே விடயம் இருக்கிறது. 811உம் உங்கள் கொம்பைவிட ஆழம் கூடியது. அந்தக் காலத்துத் தியேட்டர் அம்ப் சில பத்து வாட்தான். உங்கள் இரவல் அம்ப் எத்தனை வாட்?

#6 படுவான்கரை

ஒரு பக்கத்துக்கு 400 சேர்.

#7 மீடிறன்

அப்படியானால் தியேட்டரை மறந்துவிடுங்கள்.

#8 சின்னவன்_திருக்கோவில்

நான் வாசிச்ச இடத்தில ஒரு ஒக்டேவ் கீழ வெட்டினா டயப்ரம் நாலு மடங்கு ஆடவேணும் எண்டு இருந்தது. 1600ல இருந்து 800க்கு வந்தா நாலு மடங்கு. அதுதானே எரியிறதுக்குக் காரணம்?

#9 மீடிறன்

நாலு மடங்கு என்பது திறந்தவெளியில் நேரே ஒலிக்கும் கூம்புக்கு, அதாவது பாஸ் ஸ்பீக்கருக்குச் சரி. கொம்பு ஒழுங்காகச் சுமை கொடுக்கும் பகுதியில் ஒலி அமுக்கம் டயப்ரத்தின் வேகத்தோடு சேர்ந்து போகும். அதனால் மீடிறன் பாதியானால் அசைவு இரண்டு மடங்கு மட்டுமே. கொம்பின் பெருமையே அதுதான். ஆனால் வெட்டு மீடிறனுக்குக் கீழே அந்தச் சலுகை கிடையாது.

இன்னொன்று, ஆட்டம் வேறு, எரிவு வேறு. கூடுதலாக ஆடி டயப்ரத்தின் விளிம்பு கிழிவது ஒரு சாவு. கூடுதல் வாட் ஏறிச் சுருள் கருகுவது வேறொரு சாவு. கீழே இறக்கி வெட்டினால் இரண்டுக்கும் கதவு திறக்கிறது, ஏனென்றால் பாட்டிலும் மத்தளத்திலும் சக்தி கூடக் கிடப்பது கீழ்ப் பகுதியில்தான். காக்காவின் பிஸ்கட் டின்னில் இரண்டு வகையும் இருக்கும்.

#10 கல்முனைக் காக்கா

இரிக்கி சேர். கிழிஞ்சதும் இரிக்கி, கருகினதும் இரிக்கி. கம்பி கழண்டு தனியா நிக்கிறதும் இரிக்கி. அதுக்கு என்ன கணக்கு?

#11 சல்லரி

நான் கூத்துக்காரன், கரண்டுக்காரன் இல்ல. இதை வாசிச்சுக்கொண்டு போக எனக்கு ஒண்டு விளங்கேல்ல. எல்லாரும் பெட்டி எத்தினை வாட் எண்டு கதைக்கிறீங்க, சனம் எங்க இரிக்குது எண்டு ஒருத்தரும் கேக்கேல்ல. எங்கட கூத்து வட்டக்களரி. நடுவில ஆட்டம், சுத்திவரச் சனம். தியேட்டர் மாதிரி முன்னுக்கு மட்டும் பாய் விரிக்கிற வேலையில்ல. போன வருசம் வேறொரு ஊரில பாத்தன், பெட்டிக்கு நேரா இருந்தவனுக்குக் காது கிழிஞ்சுது, ரெண்டு பாகம் தள்ளி இருந்தவனுக்கு அண்ணாவியார்ர மத்தளம் மட்டும் கேட்டுது, விருத்தத்தில ஒரு சொல்லும் கேக்கேல்ல.

தம்பி, உன்ட பெட்டி அப்பிடி வந்திரப்படாது.

#12 மீடிறன்

சல்லரி, நான் இரண்டாவதாகச் சொல்ல வைத்திருந்ததை நீங்கள் முதலாவதாகச் சொல்லிவிட்டீர்கள். அதுதான் சரியான வரிசை.

15 அங்குலக் கூம்பின் ஆடுகிற பகுதி ஏறக்குறைய 33 சென்ரிமீற்றர் விட்டம். மீடிறன் கூடக்கூட அது ரோச் வெளிச்சம் மாதிரிக் குவியும். நடுவில் இருப்பதைவிட 6 டெசிபல் குறையும் இடம்வரை அதன் வீச்சு என்று எடுத்தால், 800இல் 137 பாகை, 1200இல் 77 பாகை, 1600இல் 56 பாகை. 90 பாகையைத் தொடுவது 1050 அளவில்.

இப்போது உங்கள் கொம்பு. அகலம் 40 சென்ரிமீற்றர். பக்கச் சுவர்கள் 90 பாகைக்கு நேராக விரிந்திருந்தால், டொன் கீல் என்பவர் 1975இல் தந்த எளிய விதிப்படி அது தன் 90 பாகையை 700 ஹேர்ட்ஸ் வரை பிடித்து வைத்திருக்கும். (25,000ஐ மீற்றரில் அகலத்தாலும் பாகையாலும் வகுத்தால் போதும்.) சுவர் வளைந்திருந்தால் மேல் மீடிறன்களில் வீச்சு சுருங்கிக்கொண்டே போகும், அதை அளந்துதான் பார்க்க வேண்டும்.

ஆக 1600இல் வெட்டினால் என்ன நடக்கும்? 1600க்குச் சற்றுக் கீழே பாஸ் ஸ்பீக்கர் 56 பாகைக்குள் சுருங்கி நிற்கும், சற்று மேலே கொம்பு 90க்கு விரிந்து நிற்கும். பக்கத்தில் இருப்பவருக்கு அந்த இடத்தில் ஒரு குழி. சல்லரி சொன்ன "சொல் கேக்கேல்ல" அதுதான். முன்னால் நின்று எவ்வளவு திருகினாலும் அந்தக் குழி நிரம்பாது. 800இல் வெட்டினால் மறுபக்கம்: பாஸ் 137, கொம்பு 90. இரண்டு வீச்சும் கிட்ட வருவது 1000க்கும் 1200க்கும் இடையில்.

ட்ரைவர் 1200க்குக் கீழே வராதே என்கிறது. கொம்பு 917க்குக் கீழே வராதே என்கிறது. பாஸ் 1200க்கு மேலே அதிகம் போகாதே என்கிறது. உங்களுக்கு மிஞ்சியிருப்பது ஒரு சின்ன ஒழுங்கை.

#13 கல்முனைக் காக்கா

சேர் செல்லுறது எனக்கு இப்பதான் விளங்குது. 15 அங்குலப் பெட்டிய விட 12 அங்குலப் பெட்டியில பேச்சுத் தெளிவு எண்டு நாங்க எப்பவும் செல்லுற. வயளுக்கு (மார்க்கப் பேச்சுக்கு) 12தான் கொண்டுபோற. ஏனெண்டு ஒருத்தனும் செல்லித் தரல்ல.

ஆனா நான் 1500 எண்டதில இரிந்து எறங்கமாட்டன். 1300க்கு வாறன், அதுவும் தம்பிக்காக.

#14 மீடிறன்

12 அங்குலத்துக்கு அந்த 90 பாகை 1340 அளவில் வரும் காக்கா. உங்கள் காது கணக்குப் போட்டிருக்கிறது.

#15 படுவான்கரை

ஒரு உண்மையைச் சொல்லவேணும். சேர் எழுதினதை வாசிக்க முந்தியே நான் 800ஐச் செஞ்சு பாத்திட்டன். ஒற்றைக் கப்பாசிட்டர், 25 மைக்ரோபரட், வேற ஒண்டும் இல்ல. வீட்டுக்குள்ள மெல்லமாப் போட்டா உண்மையிலயே நல்லா இருந்தது. அம்மாவே குசினியில இருந்து வந்து ஆர் பாடுறது எண்டு கேட்டவ. மறுகா முந்தநாள் ஒத்திகைக்குக் கொண்டுபோய் வச்சம். கட்டியக்காரன் வந்து மைக்குக்குக் கிட்ட வாயை வச்சுக் கத்தினான். "கர்" எண்டு ஒரு சத்தம். இப்ப ஒரு பெட்டியில ஹோர்ன் இல்ல.

டயப்ரம் ஒண்டு கொழும்பில இருந்து பஸ்ஸில வருது. காக்கா, உங்கட டின்னில ஒரு இடம் வைங்க.

#16 கல்முனைக் காக்கா

வை மனே, வை. டின் பெருசு.

#17 ஒலுவில்_பைபர்

ஹோர்ன் வாத்தது நான்தான். சுவர் நேரா விரியல்ல, கடைசி 6 சென்ரிமீற்றர்ல வெளிப்பக்கம் வளைஞ்சு போகுது, வள்ளத்துட முன்மூக்கு மாதிரி. ரெண்டு படை பாய், ரெசின், உள்பக்கம் ஜெல்கோட். தட்டினா "டங்" எண்டது, அதனால வெளிப்பக்கம் மரத்தூளும் ரெசினும் குழைச்சு இன்னொரு படை பூசின. இப்ப தட்டினா செத்த சத்தம்தான். அடுத்த அச்சு ஆழமாப் போடவா சேர்? 35 வரைக்கும் போடலாம். கடல் உப்புக்கும் கறல் புடிக்காது.

#18 மீடிறன்

35 ஆக்கினால், முன்வாயை மாற்றாமலே, வெட்டு மீடிறன் 419க்கு இறங்கும். கொம்பு 800ஐத் தாராளமாகத் தாங்கும். ஆனால் ட்ரைவர் தாங்காது. அதற்கு 2 அங்குல வாய் உள்ள, 75 அல்லது 100 மில்லிமீற்றர் சுருள் உள்ள ட்ரைவர் வேண்டும். விலை எங்கேயோ போய்விடும். இந்தக் கூத்துக்கு 24 போதும். மரத்தூள் வேலை அருமை.

#19 சின்னவன்_திருக்கோவில்

அப்ப 1200. பெறுமானம் நான் போட்டன்: 8 ஓமுக்கு 12 டெசிபல் சரிவு, கப்பாசிட்டர் 11.7 மைக்ரோபரட், கொயில் 1.5 மில்லிஹென்றி. சரியா?

#20 மீடிறன்

அது பட்டர்வேர்த் வகை. வெட்டும் இடத்தில் இரண்டும் 3 டெசிபல் கீழே நிற்கும். சேரும்போது அந்த இடத்தில் 3 டெசிபல் முட்டிக்கொண்டு நிற்கும். லிங்விட்ஸ் ரைலி வகையில் இரண்டும் 6 டெசிபல் கீழே நின்று சேரும்போது மட்டமாகும். அதற்கு 8.3 மைக்ரோபரட், 2.1 மில்லிஹென்றி. கப்பாசிட்டருக்கு 6.8உம் 1.5உம் சமாந்தரமாகப் போட்டால் 8.3 கிடைக்கும்.

ஆனால் கவனம். இந்தக் கணக்கெல்லாம் "8 ஓம்" உண்மையாகவே 8 ஓமாக இருந்தால்தான். பாஸ் ஸ்பீக்கரின் தடங்கல் (ஆடலோட்டத்துக்கு அது காட்டும் மொத்த எதிர்ப்பு) 1200 அளவில் சுருளின் தூண்டலால் ஏறியிருக்கும். நேரோட்டத் தடை 6 ஓம், தூண்டல் 1.2 மில்லிஹென்றி என்றால் அதற்குக் குறுக்கே 7.5 ஓமும் 22 மைக்ரோபரட்டும் தொடராகப் போட்டால் அது அடங்கும்.

ஹோர்ன் பக்கம் உங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம். 107க்கும் 97க்கும் 10 டெசிபல் வித்தியாசம், அதைக் குறைக்கத்தான் வேண்டும். ட்ரைவருக்குத் தொடராக 5.6 ஓம், ட்ரைவருக்குக் குறுக்கே 3.9 ஓம். இது வடிகட்டிக்குப் பிறகு, ட்ரைவருக்கு முன் வரவேண்டும். அப்போது கொம்பின் ஆட்டத்தால் ட்ரைவர் ஓரிடத்தில் 30 ஓம் காட்டினாலும் வடிகட்டிக்குத் தெரிவது 9 ஓம்தான். தடைகள் சூடேறும், அந்தப் பக்கம் போகும் சக்தியில் பத்தில் ஒன்பது பங்கை அவைதான் தின்னும். கம்பி சுற்றிய 20 வாட் தடை போடுங்கள், பிளைவூட்டில் ஒட்டி வைக்காதீர்கள்.

#21 கல்முனைக் காக்கா

கொயில் கடையில தேடாத. மோட்டர் வைண்டிங் கடைக்குப் போய் 1 மில்லிமீற்றர் எனாமல் கம்பி நிறுத்து வாங்கு. பி.வி.சி. குழாய்த் துண்டுல சுத்து. கூடச் சுத்திட்டு மீட்டர்ல பாத்துப் பாத்துக் கழட்டு, கொறயச் சுத்தினா ஒட்டுப் போடணும். ரெண்டு கொயிலும் பக்கத்துல பக்கத்துல படுக்க வைக்காத, ஒண்டு நிக்கட்டும் ஒண்டு படுக்கட்டும்.

22 மைக்ரோபரட்டுக்கு ரெண்டு 47 மின்பகு கப்பாசிட்டர முதுகுக்கு முதுகு போட்டாச் சரி. நாங்க அப்பிடித்தான் ஓட்டுற.

#22 மீடிறன்

பாஸுக்குக் குறுக்கே வருவதற்குச் சரி காக்கா. ஹோர்னுக்குப் போகும் 8.3ஐ மட்டும் பிலிம் வகையில் போடட்டும். மின்பகு கப்பாசிட்டர் நம் ஊர்ச் சூட்டில் காய்ந்து பெறுமானம் மாறும், அதோடு வெட்டும் இடமும் மாறும்.

#23 படுவான்கரை

அளந்திட்டன். எழுத நிறைய இருக்கு.

முதல்நாள் பின்னேரம் போய்க் கச்சான் காத்தில மாட்டுப்பட்டன். மைக்குக்குப் பஞ்சு சுத்தியும் ஒண்டும் சரிவரேல்ல, கோடு எல்லாம் நாய் கடிச்ச மாதிரி. அடுத்தநாள் விடியக்காலம அஞ்சரைக்குப் போனன். காத்தில்ல, காகம் மட்டும். அறுவடை முடிஞ்ச வயலுக்குள்ள ட்ரக்டர்ப் பெட்டியைக் கொண்டுபோய் நிறுத்தி, அதின்ர விளிம்போட ஸ்பீக்கர்ப் பெட்டியை வச்சு, ரெண்டு மீற்றர் தள்ளி மூங்கில்ல மைக்கைக் கட்டினன். ஹோர்னும் மைக்கும் நிலத்தில இருந்து ரெண்டு மீற்றர். நிலத்தில பட்டுத் தெறிக்கிறது 7 மில்லிசெக்கன் பிந்தித்தான் வருது, அதுக்கு முன்னுக்கு வாறதை மட்டும் வெட்டி எடுத்தா 1200 அளவில ஒரு குழப்பமும் இல்ல. ஆர்ஈடபிள்யூ எண்ட இலவச மென்பொருள்தான்.

ஹோர்னைத் தனிய அளந்தா 900 வரைக்கும் நல்லா வருது, 700ல ஒரு திமில், அதுக்குக் கீழ செங்குத்தா விழுது. சேர் போட்ட கணக்குக்குக் கிட்டத்தட்டச் சரி. 45 பாகை திருப்பி வச்சுப் பாத்தன், 5000க்கு மேல சுருங்குது, சேர் சொன்ன அந்த வளைவாலதான் போல.

மறுகா ரெண்டையும் சேத்தன். லிங்விட்ஸ் ரைலி 12 டெசிபலுக்கு ஹோர்ன்ர கூட்டல், கழித்தல் வயரை மாத்திக் கட்டவேணும் எண்டு எல்லா இடத்திலயும் எழுதிக் கிடக்கு. அப்பிடியே கட்டினன். 1200ல கிணறு மாதிரிக் குழி! ரெண்டு மணித்தியாலம் கொயிலைக் கழட்டிப் பூட்டி, கப்பாசிட்டரை மாத்தி, ஒண்டும் நடக்கேல்ல. கடைசியில விசருக்கு வயரை நேராக் கட்டினன். குழி நிரம்பிட்டு.

ஏன் சேர்?

#24 மீடிறன்

கொம்பின் ஆழம். உங்கள் ட்ரைவரின் டயப்ரம் முன்பலகையிலிருந்து 24 சென்ரிமீற்றருக்கு மேல் பின்னால் இருக்கிறது. பாஸ் ஸ்பீக்கரின் சுருள் பன்னிரண்டு, பதின்மூன்று சென்ரிமீற்றர் பின்னால் இருக்கும். வித்தியாசம் 14 அளவு. 1200 ஹேர்ட்ஸின் அலைநீளம் 29. ஆக ஹோர்ன் சத்தம் அரை அலை பிந்தி வருகிறது. வடிகட்டி ஒரு தடவை கவிழ்த்ததைத் தூரம் இன்னொரு தடவை கவிழ்த்து நேராக்கிவிட்டது.

புத்தகம் இரண்டு ட்ரைவரும் ஒரே தளத்தில் நிற்பதாக வைத்துக்கொண்டு எழுதப்பட்டது. கொம்பில் அது ஒருநாளும் நடக்காது. நீங்கள் 800இல் வெட்டியிருந்தால் நேராகக் கட்டினாலும் மாற்றிக் கட்டினாலும் பொருந்தியிராது. உங்கள் கொம்புக்கு 1200 இந்தக் காரணத்தாலும் தோதானது. அது நாங்கள் தேடிப் போகாமலே கிடைத்தது.

இனி ஒரு சோதனை: இப்போது வேண்டுமென்றே வயரை மாற்றிக் கட்டி அந்தக் கிணறு எந்த மீடிறனில் ஆகக் கூட ஆழம் என்று பாருங்கள். அந்த இடம்தான் உங்கள் உண்மையான வெட்டு. கடதாசியில் 1200 என்று போட்டது 1200இலேயே விழும் என்றில்லை.

#25 படுவான்கரை

1260ல விழுது சேர். 26 டெசிபல் ஆழம்.

#26 கல்முனைக் காக்கா

நான் 1300 எண்டு செல்லல்லயா.

#27 மட்டுநகரான் (டொரோண்டோ)

சும்மா சொல்லக்கூடாது, டிஎஸ்பியில நான் டிலே நம்பரை அடிச்சுப்போட்டுப் போயிருப்பன், இதொண்டும் விளங்கியிராது. அந்த வயல் படம் இருந்தாப் போடுங்க தம்பி. ட்ரக்டர்ப் பெட்டி பாத்து எத்தினை வருசம்.

#28 மீடிறன்

ஒன்று விட்டுப்போனது, அரங்கேற்றத்துக்கு முன் சொல்லியாக வேண்டும். ஹோர்னின் நடுவுக்கும் பாஸின் நடுவுக்கும் எத்தனை சென்ரிமீற்றர்?

#29 படுவான்கரை

38.

#30 மீடிறன்

1200இல் மேலும் கீழும் 22 பாகையில் இரண்டும் ஒன்றையொன்று தின்னும். பெட்டியை உயர்த்தி, ஹோர்ன் நிலத்திலிருந்து 2 மீற்றரில் நிற்கும்படி நேராக வைத்தால், 3 மீற்றர் தள்ளிப் பாயில் இருப்பவரின் காது சரியாக அந்த 22 பாகையில் வரும். முன்வரிசையில் யார் இருப்பார்கள் என்று சல்லரிக்குத் தெரியும்.

#31 சல்லரி

கிழவிமாரும் சின்னப்புள்ளைகளும். கிழவிமாருக்குத்தான் கூத்துப் பாட்டு முழுக்கப் பாடம். ஒரு சொல்லுத் தவறினா விடியக்க வீட்ட வந்து சொல்லுவாங்க.

#32 கல்முனைக் காக்கா

அதுக்குத்தான் நாங்க பெட்டிக்குப் பின்னால ஒரு கட்டை செருகி முன்னுக்குக் குனிய வைக்கிற. சனத்துக்குச் சத்தம் படட்டும் எண்டு வாப்பா செஞ்சத நானும் செஞ்ச. 22 பாகையெல்லாம் அவருக்குத் தெரியா.

#33 படுவான்கரை

அரங்கேற்றம் முடிஞ்சு. ரெண்டு நாள் நித்திரை கொண்டிட்டு எழுதுறன்.

பெட்டி ரெண்டையும் களரிக்கு எதிரெதிர்ப் பக்கமா வச்சம், கட்டை செருகிக் குனிய வச்சு. இரவு பத்து மணியில இருந்து விடிய அஞ்சு வரைக்கும் ஓடினது. ட்ரைவர் ரெண்டும் உயிரோட இருக்கு. தடைதான் கை வைக்கேலாத சூடு. பக்கவாட்டில இருந்தவங்களுக்கும் சொல்லு விளங்கினது. நான் நடுச்சாமத்தில எழும்பிச் சுத்திவர நடந்து பாத்தனான். ரெண்டு பெட்டியும் சந்திக்கிற மூலையில மட்டும் குழப்பம், அங்க ஒண்டும் செய்ய ஏலாது, நாலு பெட்டி வேணும்.

மத்தளத்தின்ர இடக்கை அடி கொஞ்சம் கூடிப்போச்சு. அது குறொஸ்ஓவர்ட குற்றம் இல்ல, பெட்டிக் குழாயைக் கொஞ்சம் நீட்டவேணும் போல. அதை வேற இழையில கேக்கிறன்.

#34 சல்லரி

நானும் போனன். கட்டியக்காரன் திரும்பவும் வாயை மைக்குக்குள்ள விட்டவன். ஒண்டும் எரியேல்ல. பின்பாட்டுக்காரருக்கு இன்னுமொரு மைக் வேணும், அதை மட்டும் சொல்லிவைக்கிறன்.

#35 வாழைச்சேனை_புதியவன்

நல்ல இழை, முழுக்க வாசிச்சன். என்னிட்ட 12 அங்குலம் ரெண்டு இருக்கு, ஹோர்ன் கடை ஹோர்ன். 1260ல வெட்டினாச் சரிதானே?

#36 மீடிறன்

கொம்பின் வாய் எத்தனை சென்ரிமீற்றர்? ஆழம் எவ்வளவு? ட்ரைவரின் தாளில் என்ன போட்டிருக்கிறது? சனம் எங்கே இருக்கும்?